கைவிரிப்பு

ருடாகட்டா வெந்நீரூற்றில் இத்தனை காலமாக நாங்கள் அனுமதி இல்லாமல் குணமாகிக்கொண்டிருந்தோம் என்பது, ஆணையம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பு விஷயம் எளிமையாக இருந்தது. மலை இறங்கி ஆற்றோரம் வந்தால் பாறைகளுக்கு நடுவே இரண்டு குட்டைகள். மேல் குட்டையில் கால் வைக்க முடியாது. கீழ்க் குட்டையில் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டால் கழுத்துவரை உட்காரலாம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். இடுப்பில் ஒரு துணி, பாறைச் சூடு தாங்க அடியில் ஒரு வாழையிலை. முழங்கால் பிடித்தவர்கள், இடுப்பு விழுந்தவர்கள், சுமை தூக்கியே தோள் இறங்கிப்போனவர்கள் எல்லோரும் காலையில் வந்து ஒரு மணி நேரம் வெந்துவிட்டு, வந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து மலையேறுவார்கள். மறுநாள் மறுபடி வருவார்கள். இதை நாங்கள் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர்களில் என் பக்கத்து வீட்டு ஃபெஸ்தோ அண்ணனும் கேசியா அக்காவும் உண்டு. ஃபெஸ்தோ அண்ணன் முப்பது வருடம் சைக்கிளில் வாழைத்தார் கொண்டுபோய்ச் சந்தையில் போட்டவர். அங்கோலே மலைகளில் சைக்கிளில் தார் கொண்டுபோவது என்றால் சைக்கிளை ஓட்டுவது அல்ல; ஆறு தாரோடு அதை மேட்டில் தள்ளுவது. அறுபது வயதில் அவருடைய இரண்டு முழங்கால்களும் துருப்பிடித்த கீல்போல ஆகிவிட்டிருந்தன. ஆனால் அவர் அதைப் பற்றிப் பேச மாட்டார். வீட்டில் அதைவிடப் பெரிய நோய் ஒன்று இருந்தது.

கேசியா அக்காவுக்கு முடக்குவாதம். காலையில் எழும்போது பத்து விரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கி, இரண்டு கைகளும் இரண்டு முஷ்டிகளாக இருக்கும். ஊற்றில் ஊறினால் ஒவ்வொரு விரலாக, மனசே இல்லாமல் விரியும். மதியம்வரை விரிந்திருக்கும். அதற்குள் அக்கா மண்வெட்டி பிடிப்பார், வாழைக்காய் உரிப்பார், களி கிண்டுவார், பக்கத்து வீட்டுக்காரியான எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தனுப்புவார். பிற்பகலில் விரல்கள் மறுபடி உள்ளே போய்விடும். ஒரு நாளில் அவருக்குக் கை இருந்தது அரை நாள். அந்த அரை நாள் போதும் என்று இருவரும் பழகியிருந்தார்கள்.

தலைநகரிலிருந்து தேசிய வெந்நீர்ச் சிகிச்சை ஆணையம் வந்தது மழைக்காலம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று ஜீப்புகள், ஒரு ஒலிபெருக்கி, அதன் இயக்குநர் முனைவர் காஷாய்ஜா. யூகலிப்டஸ் தோப்பில் எங்களை உட்காரவைத்துவிட்டு அவர் பேசினார்.

“அன்பான மக்களே, நீங்க இதுவரைக்கும் குணமாயிருக்கீங்க. நான் மறுக்கல. ஆனா ஒழுங்கில்லாம குணமாயிருக்கீங்க. யாரு, எந்த மூட்டு, எவ்வளவு சூட்டுல, எத்தனை நிமிஷம், ஒண்ணுக்கும் பதிவு கிடையாது. பதிவு இல்லாத குணம் வெறும் வதந்தி. இந்த ஊத்துல தலைமுறை தலைமுறையா வதந்திதான் ஓடிக்கிட்டிருக்கு. இனிமே தண்ணி ஓடும்.”

நாங்கள் கை தட்டினோம். அன்று காலைதான் ஊறிவிட்டு வந்திருந்ததால் கேசியா அக்காவாலும் தட்ட முடிந்தது.

“ஐயா, அப்ப நாளைக்கு எத்தனை மணிக்குக் குளிக்க வரலாம்?” என்று ஃபெஸ்தோ அண்ணன் கேட்டார்.

“குளிக்கிறதுங்கிற வார்த்தைய முதல்ல விட்டுடுங்க, பெரியவரே. இதுக்குப் பேரு நீர்வழி மூட்டு மேலாண்மை. நாளைக்கு இல்ல. முதல்ல மேம்பாடு முடியட்டும்.”

மேம்பாடு முடிய ஏழு மாதம் ஆயிற்று. ஊற்றைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. கீழ்க் குட்டையின் பாறைகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு அடியில் சிமெண்டு போட்டு நீலநிற ஓடு பதித்தார்கள். பாறையிலிருந்து தானாக வந்துகொண்டிருந்த தண்ணீரை, தானாக வரவிடாமல் அடைத்து, பம்பு வைத்து வரவழைத்தார்கள். வாசலில் மத்தியா என்ற காவலாளி நின்றார். எங்கள் ஊர்க்காரர்தான். அவர் அப்பாவும் எங்களோடு ஊறியவர்.

அந்த ஏழு மாதத்தில் கேசியா அக்காவின் விரல்கள் மூடியது மூடியபடி இருந்தன. ஃபெஸ்தோ அண்ணன் வீட்டிலேயே பானையில் தண்ணீர் காய்ச்சி, அதில் அவர் கையைப் பிடித்து வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீருக்கு அந்தச் சங்கதி தெரியவில்லை. அண்ணனே வாழைக்காய் உரிக்கக் கற்றுக்கொண்டார். அண்ணனே களியை உருட்டி அக்கா வாயில் வைத்தார்.

“நீங்க கிண்டுற களி கல்லு மாதிரி இருக்கு, ஜோவியா அப்பா” என்பார் அக்கா. ஜோவியா அவர்களுடைய மகள், கல்யாணமாகி ம்பராரா நகரத்தில் இருக்கிறாள்.

“மென்னு தின்னு. பல்லுக்கு இன்னும் வாதம் வரல.”

ஆணையத்தின் கட்டடம் திறந்தது. இரண்டு மாடி. கீழே வாகன நிறுத்தம், முதல் மாடியில் இயக்குநர், அனுமதி அட்டை தருகிற அறை இரண்டாம் மாடியில். முழங்கால் வலிக்காரர்கள் நாற்பத்தி நான்கு படி ஏறித்தான் முழங்கால் வலி இருப்பதாக விண்ணப்பிக்க வேண்டும். சிலர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். சிலர் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினார்கள். ஏறி முடித்தவர்களைப் பார்த்து, இவ்வளவு தூரம் ஏற முடிகிறவருக்கு என்ன வலி என்று கேட்பதற்காக மேலே ஒரு மேசை போட்டிருந்தார்கள். அந்த மேசையில் பெனினா என்ற பெண் இருந்தாள். கெட்டவள் இல்லை. படிவத்தில் இருப்பதை மட்டும் படிக்கக் கூடியவள்.

“வலி ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எத்தனை?” என்று அவள் ஃபெஸ்தோ அண்ணனைக் கேட்டாள்.

அண்ணன் யோசித்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். “ஆறு இருக்கும்மா.”

“ஆறுன்னா வீட்லயே தாங்கிக்கலாம். ஆறு வாரம் கழிச்சு வாங்க.”

ஆறும் அதற்குக் கீழும் என்றால் தகுதி இல்லை. எட்டும் அதற்கு மேலும் என்றால் ஆஸ்பத்திரி. ஆக ஊற்றுக்குத் தகுதியான வலி ஏழு மட்டும்தான். இது வெளியே தெரிந்த பிறகு ருடாகட்டாவில் எல்லோருக்கும் ஏழாம் எண் வலி வந்தது. ஆணையத்தின் முதல் அறிக்கை இதை ஒரு கண்டுபிடிப்பாகவே எழுதியது: இந்த வட்டாரத்து மக்களின் வலி வியக்கத்தக்க வகையில் ஒரே அளவாக உள்ளது.

ஆறு வாரம் கழித்து அண்ணன் மறுபடி ஏறிப்போய் ஏழு என்றார். அட்டை கிடைத்தது. அட்டையில் ‘மூட்டு: இடது முழங்கால்’ என்று அச்சாகியிருந்தது.

“ரெண்டு காலும் வலிக்குதும்மா.”

“படிவத்துல ஒரு கோடுதான் இருக்கு, ஐயா. வலது காலுக்குத் தனி விண்ணப்பம். அடுத்த வருஷம் திறப்பாங்க.”

முதல் நாள் அவர் நீலத் தொட்டியில் இறங்கியபோது நானும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இடது காலைத் தண்ணீரில் விட்டு, வலது காலை மேலே ஓட்டுத் தரையில் நீட்டிக்கொண்டு, தவறி விழுந்தவர்போல ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். சூடு ஏற ஏற உடம்பு தானாகத் தளர்ந்தது. வலது பாதம் மெல்ல நழுவியது.

“அண்ணே,” என்றார் மத்தியா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. “அந்தக் காலு நனையுது.”

“தெரியாம நனைஞ்சிருச்சு, மத்தியா.”

“எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. மேல கேமரா இருக்கு.”

அண்ணன் காலை எடுத்து வெளியே வைத்து, துண்டால் துடைத்துவிட்டார். பிறகு பதினைந்தாவது நிமிடம் மணி அடித்ததும் எழுந்து, குணமான காலால் குணமாகாத காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கேசியா அக்காவின் விண்ணப்பம் வேறு இடத்தில் முட்டிக்கொண்டது. அட்டை வாங்க விரல்ரேகை வைக்க வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதன்மேல் பத்து விரல்களையும் தட்டையாக விரித்து வைத்தால் பச்சை விளக்கு எரியும். அக்கா முஷ்டியை வைத்தார். சிவப்பு எரிந்தது. மற்ற முஷ்டியை வைத்தார். அதற்கும் சிவப்பு.

“விரலை நீட்டுங்கம்மா” என்றாள் பெனினா.

“நீட்ட வரலன்னுதானே தாயி வந்திருக்கேன்.”

“நீட்டினாத்தான் அட்டை.”

“அட்டை குடுத்தா தண்ணியில வச்சு நீட்டிருவேன்.”

பெனினா படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். அதில் இதற்கு இடம் இல்லை. ‘விரல் விரியவில்லை’ என்று பதிந்து, அன்றைய தேதியைப் போட்டு, அவர்களைக் கீழே இயக்குநரிடம் அனுப்பினாள்.

முனைவர் காஷாய்ஜா அன்போடு நாற்காலி காட்டினார். முழுவதையும் கேட்டார். “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. கைரேகை இல்லாம ஒருத்தரை உள்ள விட்டா, உள்ள குணமானது இவங்கதான்னு நாளைக்கு யாரு சொல்றது? வேற ஒருத்தர் குணமாயிட்டுப் போயிட்டா? ஆணையம் நோயாளிகளுக்கு எதிரி இல்ல. அடையாளம் தெரியாத நோயாளிகளுக்குத்தான் எதிரி.”

“இவ என் பொண்டாட்டி ஐயா. எனக்கு அடையாளம் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும் பெரியவரே. மெஷினுக்குத் தெரியணுமில்ல.”

படியிறங்கும்போது கேசியா அக்கா பாதிப் படியில் நின்று, “சாவி இருக்குங்கிறாங்க, ஆனா பூட்டுன பெட்டிக்கு உள்ள” என்றார். பிறகு மீதிப் படி இறங்கினார்.

அவர்கள் நின்ற அதே நேரத்தில் கீழே வாகன நிறுத்தத்தில் இயக்குநரின் ஓட்டுநர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டியின் கழிவுக் குழாயிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இழுத்திருந்தார்கள். ஜீப்பின் மூடியில் ஆவி பறந்தது.

“சேறு நல்லா எளகும்” என்று ஓட்டுநர் தானாகவே விளக்கம் சொன்னார்.

“வண்டிக்கு அட்டை இருக்கா தம்பி?”

“இது அரசாங்க வண்டி, பெரியவரே.”

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் விடிந்ததும் ஒரு மஞ்சள் கேனோடு வந்தார். ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் குழாயைக் கேனுக்குள் விட்டார். வீட்டுக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிட்டது. அதையே மறுபடி சூடு பண்ணி, ஆறு நாள், காலை முழுக்க அக்காவின் கையை அதில் வைத்துப் பிடித்துவிட்டார். நானும் ஒரு கையைப் பிடித்துவிட்டேன். ஏழாம் நாள் சுண்டுவிரல் விரிந்தது. பிறகு மற்றவை. அக்கா தன் உள்ளங்கையை வெகு நேரம் பார்த்தார். எட்டு ஒன்பது மாதமாக வெயில் படாமல் அது வெளுத்துக் கிடந்தது.

“கிளம்பு, மூடுறதுக்கு முன்னால போயிரலாம்” என்றார் அண்ணன்.

வாடகை பைக்கில் அக்காவை நடுவில் உட்காரவைத்து, கையைச் சூடான துணியில் சுற்றிக்கொண்டு போனார்கள். நாற்பத்தி நான்கு படி. கண்ணாடிப் பெட்டி. பத்து விரல்கள். பச்சை விளக்கு எரிந்தது.

பெனினா திரையைப் பார்த்தாள். முகம் மாறியது.

“அம்மா, உங்க விரல் விரியுதே.”

“விரியுது தாயி. அட்டையக் குடு.”

“விரல் விரியாதவங்களுக்குத்தான் அட்டை. விரியுதுன்னா நோய் இல்லைன்னு காட்டுது.” அவள் கொஞ்சம் நிறுத்தி, திரையை மறுபடி படித்தாள். “போன தடவை விரியலன்னு பதிவு இருக்கு. இப்ப விரியுதுன்னு பதிவு ஆயிருச்சு. நீங்க குணமாயிட்டீங்கம்மா.”

செய்தி முதல் மாடிக்குப் போனது. முனைவர் காஷாய்ஜா தானே படியேறி வந்து அக்காவின் கையைத் தன் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.

“நீங்கதான் எங்க முதல் குணம்” என்றார் இயக்குநர். “அதுவும் எப்படி? தண்ணியத் தொடாமலே. விண்ணப்ப நிலையிலேயே குணம். இதத்தான் நான் தலைநகர்ல கத்திக் கத்திச் சொல்றேன். தண்ணியில என்ன இருக்கு? வெறும் உப்பும் கந்தகமும். குணப்படுத்துறது நிர்வாகம்.”

கேன் தண்ணீர் பற்றி அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அரசாங்க நீரைத் திருடிய வழக்கு. மறுநாளிலிருந்து கழிவுக் குழாய்க்குப் பூட்டு வந்தது. வேறு காரணத்துக்காக, ஜீப்பின் வண்ணப்பூச்சு உரிந்ததால்.

இரண்டு வாரத்தில் ஆணையத்தின் அதிகாரப்பூர்வத் திறப்பு விழா. அமைச்சர் வருகிறார். குணமான முதல் பயனாளி மேடையேறி, விரிந்த கையை மக்களுக்கு அசைத்துக் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. அக்காவின் விரல்கள் அதற்குள் மறுபடி மடங்கிவிட்டிருந்தன. அண்ணன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். விழா அன்று காலையில் மட்டும் அக்காவின் கையைத் தொட்டியில் வைக்க இயக்குநர் தனிச் சலுகை தந்தார். ‘ஒத்திகை நோக்கத்துக்காக’ என்று அதற்கு ஒரு தாளும் தந்தார்.

விழா ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்கு அக்கா தண்ணீரில் கையை வைத்தார். அந்த ஒரு மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. கண்ணை மூடிக்கொண்டு, வீடு வந்து சேர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்குக் கை விரிந்தது. ஒன்பது மணிக்கு மேடையில் உட்காரவைத்தார்கள். அமைச்சர் இரண்டு மணிக்கு வந்தார்.

பன்னிரண்டு மணிக்கே அண்ணன் இயக்குநரிடம் போய் நின்றார். “ஐயா, மூடிக்கிட்டு வருது. இன்னும் பத்து நிமிஷம் மட்டும்.”

“குணமானவங்களைத் தண்ணியில இறக்கினா பத்திரிகைக்காரங்க என்ன எழுதுவாங்க? உட்காரச் சொல்லுங்க. நம்பிக்கையா இருக்கச் சொல்லுங்க.”

அந்த வருடம் தேர்தல் வருடம். எதிர்க்கட்சிக்காரர்களின் அடையாளம் உயர்த்திய முஷ்டி. சந்தையில் சோளக்கதிரை ஓங்கிப் பிடித்துக் கூவி விற்றவனைக்கூட அந்த மாதம் விசாரித்திருந்தார்கள். இது மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கேசியா அக்காவுக்கும் தெரியும். ஆனால் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்கா எழுந்து முன்னால் வந்தார். முயன்றார். முயன்றது மேடைக்குக் கீழேயிருந்த எங்களுக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, வேறு வழியில்லாமல், இருந்த கையை உயர்த்தினார்.

பின்வரிசையில் யாரோ இளவட்டங்கள் சீட்டியடித்தார்கள். அக்கா நம்மைப் பார்த்துத்தான் கையசைக்கிறார் என்று நினைத்து, முன்வரிசையில் இருந்த எங்கள் பழைய குளியல்காரர்கள் ஆறு பேர் பதிலுக்குக் கை உயர்த்தினார்கள். அவர்களுக்கும் அதே நோய். ஏழு முஷ்டிகள். அமைச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். போலீஸ் வந்தது. அன்று கைதான ஏழு பேரில் மிக இளையவருக்கு வயது ஐம்பத்தொன்பது.

காவல் நிலையத்தில் அதிகாரி நியாயமான மனிதராகத்தான் பேசினார். “ஒண்ணும் இல்லம்மா. கையத் தொற, வீட்டுக்குப் போ. எல்லாருக்கும் அதேதான்.”

“தொறக்க வராது ஐயா. நோய்.”

அதிகாரி மேசைமேல் ஒரு தாளை வைத்தார். ஆணையத்தின் முத்திரை. கேசியா என்னும் இந்தப் பயனாளியின் பத்து விரல்களும் முழுமையாக விரிகின்றன எனச் சான்றளிக்கப்படுகிறது.

“முனைவர் பட்டம் வாங்கினவர் எழுதிக் குடுத்திருக்காரு, கை விரியும்னு. அப்ப நீ வேணும்னுதானே மூடி வச்சிருக்க?”

மற்ற ஆறு பேரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் நோயாளிகள் என்பதை அதிகாரி ஏற்றுக்கொண்டு விட்டுவிட்டார். அக்காவின் கையை இரண்டு காவலர்கள் திறந்தார்கள். மூன்று விரல்கள் திறந்த சத்தம், வெளியே வாகைமரத்தடியில் நின்றிருந்த ஃபெஸ்தோ அண்ணனுக்குக் கேட்டது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவரைப் பிடித்து எழுப்பினேன். “அது கதவு சத்தம்தானே?” என்று என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

கை விரிந்ததைத் தொடர்ந்து அக்கா அன்று மாலையே விடுவிக்கப்பட்டார்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் குச்சி வைத்துக் கட்டினார்கள். வாதம் பிடித்த எலும்பு, இனி மடங்காது, பிடிமானமும் வராது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். வலி அக்காவை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. கட்டுப் போட்ட கையோடு அவரைக் கூட்டிக்கொண்டு அண்ணன் கடைசியாக ஒருமுறை ஆணையத்தின் படி ஏறினார். நியாயம் கேட்கப் போகவில்லை. யார்மேலும் புகார் சொல்லவில்லை. “வலிக்குதாம் ஐயா, கொஞ்ச நேரம் தண்ணியில உட்காரட்டும்” என்று மட்டும் கேட்டார்.

முனைவர் காஷாய்ஜா கட்டைப் பார்த்தார். நாக்கைத் தட்டி வருத்தப்பட்டார். “நடந்தது துரதிர்ஷ்டம். ஆனா பாருங்க, இது மூட்டு இல்ல, எலும்பு முறிவு. எலும்பு சுகாதாரத் துறைக்கு வருது. நாங்க தலையிட்டா அவங்க வருத்தப்படுவாங்க.” பிறகு ஆறுதலாகச் சொன்னார்: “ஒரு விதத்துல, அம்மா கை இனிமே நிரந்தரமா விரிஞ்சிருக்கும். அறிக்கையில அதச் சேர்த்திருக்கோம்.”

அண்ணன் சட்டைப்பையிலிருந்து தன் இடது முழங்கால் அட்டையை எடுத்து, இயக்குநரின் தேநீர்க் கோப்பைக்குள் போட்டார். அது மெதுவாக மூழ்கியது.

“அட்டையத் திருப்பித் தர்றதுக்குத் தனிப் படிவம் இருக்கு, பெரியவரே” என்றார் இயக்குநர்.

அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. நாங்கள் யாருமே போகவில்லை. போகவும் தேவை இல்லாமல் போயிற்று. பம்பு வைத்து இழுத்த தண்ணீர் ஐந்தாவது மாதத்தில் வெதுவெதுப்பானது. ஆணையம் யூகலிப்டஸ் தோப்பை வெட்டி விறகாக்கிக் கொப்பரையில் ஊற்று நீரைக் காய்ச்சி ஊற்றியது. எட்டாவது மாதம் தோப்பும் தீர்ந்தது, தண்ணீரும் சில்லென்று ஆகிவிட்டது. அட்டை வழங்கும் பணி மட்டும் தொய்வில்லாமல் நடந்தது. கட்டடத்தில் பதினாறு பேருக்குப் பதவி உயர்வு வந்தது.

அடைத்த தண்ணீர் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், கத்தாரா என்பவரின் மேய்ச்சல் நிலத்தில், கோரைச் சதுப்பில் ஒரு குழி இருக்கிறது. மாடுகள் தண்ணீர் குடிக்கும் குழி. ஒரு நாள் நீண்ட கொம்புப் பசுக்கள் எல்லாம் முகர்ந்துவிட்டு விலகிப்போக, கால் வீங்கிய ஒரு கிழப் பசு மட்டும் முழங்கால்வரை இறங்கி நின்று, எவ்வளவு அடித்தும் வெளியே வர மறுத்ததாம். கத்தாரா கையை விட்டுப் பார்த்திருக்கிறார். அன்றே வந்து ஃபெஸ்தோ அண்ணனிடம் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் இன்றுவரை சத்தியம் செய்கிறார். ஒரு வாரத்தில் அங்கே நாற்பது பேர் சேற்றில் உட்கார்ந்திருந்தோம். பலகை கிடையாது, மணி கிடையாது. அண்ணனின் இரண்டு கால்களும் தண்ணீருக்குள். கேசியா அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் குச்சிபோல நின்றுவிட்டன, மண்வெட்டி இனி இல்லை. ஆனால் இடது கை மறுபடி விரிந்து மூடத் தொடங்கியிருந்தது. இரண்டாவது வாரம் அவர் தன் கையாலேயே களியை எடுத்து வாயில் வைத்தார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. புதிய காலணி, தோளில் பை, பையில் ஆணையத்தின் முத்திரை. அதில் வந்த அதிகாரி சேற்றின் விளிம்புவரை வந்து நின்றார். அந்த வெயிலில் ஆவி கண்ணுக்குத் தெரியாது.

“இங்க சூடான தண்ணி வருதுன்னு தகவல்” என்றார்.

எல்லோர் முகத்திலும் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

“குளிருது, ஐயா” என்றார் கேசியா அக்கா. பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. எங்கிருந்து அது அவருக்கு வந்தது என்று தெரியவில்லை. ஒரு நொடி எல்லோரும் அவரைப் பார்த்தோம். பிறகு கத்தாரா தோளைக் குறுக்கிக்கொண்டு நடுங்கினார். நான் நடுங்கினேன். நாற்பது பேரும் வெந்துகொண்டே நடுங்கினோம்.

அதிகாரி தன் காலணியைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். பையிலிருந்து வெப்பமானியை எடுத்து ஃபெஸ்தோ அண்ணனிடம் நீட்டினார். “நீங்களே வச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

அண்ணன் அதைத் தண்ணீருக்குள் விட்டு, நிதானமாக எடுத்து, கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். “பதினாறு, ஐயா.”

அதிகாரி எழுதிக்கொண்டார். “இவ்வளவு சில்லுன்னு இருக்கிற தண்ணியில ஏன் உட்கார்ந்திருக்கீங்க?”

“மாடு தேடி வந்தோம். களைச்சுப்போய் உட்கார்ந்துட்டோம்” என்றார் கத்தாரா.

“வயசானவங்க இப்படிக் குளிர்ல உட்காரக் கூடாது. மூட்டு வலி வந்துரும்” என்றார் அதிகாரி, உண்மையான அக்கறையோடு. “வந்தா ஆணையத்துல விண்ணப்பம் குடுங்க.”

அவர் வண்டியை நோக்கி நடந்தார். எங்களில் ஒருவர் பெருமூச்சுவிட்டு நிமிர்ந்து உட்காரப் போனார்.

“இன்னும் கொஞ்சம் நடுங்குங்க” என்றார் கேசியா அக்கா, உதடு அசையாமல். “திரும்பிப் பாக்கிறான்.”